வட்டி வாங்காத அட்டையில் வங்கிக்கு என்ன லாபம்?

"அமெரிக்கப் படைவீரர்களுக்கு அரசு தரும் பயண அட்டைக்கு வட்டியும் இல்லை, ஆண்டுக் கட்டணமும் இல்லை, பிறகு வங்கி எதற்காக இதை நடத்துகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலிருந்து யாரோ படையில் சேர்ந்து, முதல் பயணக் கணக்கைக் கண்டு திகைத்திருக்கிறார் என்று ஊகிக்கிறேன். தமிழ் உட்படக் குறிப்பிட்ட சில மொழிகள் அறிந்த வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொண்ட 'மாவ்னி' திட்டத்தின் வழியாகத் தரைப்படைக்குள் சென்றவன் நான். அந்த அட்டையோடு பழகியவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

வங்கியின் வருமானம் வீரரிடமிருந்து அல்ல, முதன்மையாக விடுதிக்காரரிடமிருந்தும் வாடகைக் கார் நிறுவனத்திடமிருந்தும் வருகிறது. நீங்கள் 100 டாலருக்கு அட்டையைத் தேய்த்தால், ஏறத்தாழ 2 முதல் 3 டாலர் வரை கழித்துக்கொண்டுதான் விடுதிக்குப் பணம் போகிறது. அந்தக் கழிவில் பெரும்பங்கு, 'இன்டர்சேஞ்ச்' என்ற பெயரில், அட்டையை வழங்கிய வங்கியைச் சேரும். பெரிய வங்கிகள் வாங்கும் இந்தக் கட்டணத்துக்கு வரம்பு விதித்த 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் டெபிட் அட்டைகளை மட்டுமே கட்டுப்படுத்துவதால், செலவு செய்துவிட்டுப் பின்னால் கட்டும் வகையைச் சேர்ந்த பயண அட்டை அதற்கு வெளியே நிற்கிறது. ஏடிஎம்மில் பணம் எடுப்பதற்கான கட்டணம், தாமதக் கட்டணம் ஆகியவையும் உண்டு என்றாலும் அவை துணை வருமானமே.

வாடிக்கையாளரைத் தேடிப் பிடிக்கும் செலவும் வங்கிக்கு இல்லை. அரசுப் பயணத்துக்கு அரசின் அட்டையையே பயன்படுத்த வேண்டும் என்று 1998ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சொந்த அட்டையில் செலவு செய்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வெகுமதிப் புள்ளிகளும் இங்கே இல்லை. அவற்றுக்கு ஈடானதை வங்கி அரசுக்குக் கொடுக்கிறது. 'ஸ்மார்ட்பே' என்ற இந்தத் திட்டத்தில், மொத்தச் செலவின் அளவையும் பணம் எவ்வளவு விரைவாகத் திரும்பி வருகிறது என்பதையும் கணக்கிட்டு, வங்கி அரசுத் துறைக்குத் தள்ளுபடி வழங்க வேண்டும். விடுதிக்காரருக்கு உடனே கொடுத்துவிட்டு வீரரிடமிருந்து பின்னால் வாங்குவதால், இடைப்பட்ட நாட்களுக்கு வங்கியின் பணம் முடங்கிக் கிடக்கிறது. எனவே விரைவாகக் கட்டினால் வங்கிக்கும் நல்லது, துறைக்கும் நல்லது.

ஆனால் கட்ட வேண்டியவர் யார்? தனிநபர் பெயரில் வரும் அட்டையின் கடனுக்கு வீரரே பொறுப்பு. இந்தப் பொறுப்பைச் சுமத்துவதற்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பேங்க் ஆஃப் அமெரிக்கா இந்த அட்டையை வழங்கிய காலத்தில் கோடிக்கணக்கான டாலர் வாராக் கடனானது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2002இல் அதை விரிவாக வெளிக்கொண்டுவந்தது. சம்பளத்தில் பிடிப்பதும், பயண வவுச்சர் (செலவை அரசிடமிருந்து திரும்பப் பெற வீரர் தரும் கோரிக்கை) தொகையில் அட்டைக்குரிய பங்கை நேரடியாக வங்கிக்கே அனுப்புவதும் அந்தக் காலத்தில் வந்த ஏற்பாடுகள். 2008 இறுதியில் சிட்டி வங்கியின் கைக்கு வந்த இந்த அட்டையும் அதே பாதுகாப்போடுதான் ஓடுகிறது. கடன் வாங்கியவரின் சம்பளத்தையே முதலாளி பிடித்துக் கொடுக்கும் வசதி எந்த வங்கிக்குத்தான் கசக்கும்?

அரிசோனாவில் ஒரு பயிற்சிக்குப் போனபோது படை முகாமில் இடமில்லாததால் விடுதியில் தங்கினேன். திரும்பியதும் ரசீதுகளோடு வவுச்சரைத் தாக்கல் செய்தேன். விடுதி ரசீதில் வரி தனியாகக் காட்டப்படவில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். தனியாகக் காட்டும் ரசீதை வாங்கி அனுப்பியபோது, ஒப்புதல் தர வேண்டிய அதிகாரி விடுப்பில் போயிருந்தார். அவருக்குப் பதிலாக இருந்தவருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் இல்லை. இதற்கிடையில் அட்டைக் கணக்கின் கெடு நெருங்கியது. மாதக் கணக்கு போடப்பட்ட நாளிலிருந்து 61 நாட்களில் அட்டை முடக்கப்படும், 126 நாட்களில் ரத்தாகும். முடக்கத்துக்கு வெகு முன்பே கட்டாதவர் பட்டியல் மேலதிகாரியின் மேசைக்குப் போய்விடும். அதனால் சேமிப்பிலிருந்து எடுத்து நானே கட்டினேன். விடுதிக் கட்டணத்தில் வங்கிக்கு உரியது கிடைத்தது, உரிய காலத்தில் கட்டியதால் துறையின் தள்ளுபடியும் குறையவில்லை. அரசுப் பயணத்துக்கு முன்பணம் போட்டவன் மட்டும் நான். வவுச்சர் ஒருவழியாக நிறைவேறியபோது அட்டைக்குரிய பங்கு பழைய ஏற்பாட்டின்படி வங்கிக்கே போய், என் கணக்கில் மிகையாக நின்றது. அதைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். என்னிடம் சேமிப்பு இருந்தது. இரண்டு குழந்தைகளோடு இருந்த, என்னைவிடக் கீழ்நிலையில் பணியாற்றிய தோழருக்கு இதே நிலை வந்தபோது அவர் கடன்தான் வாங்கினார்.

"ஒரு மாதத்துக்கு வட்டியில்லாக் கடன் கிடைக்கிறதே, இதற்கும் புலம்பலா?" என்று கேட்க இங்கே சிலர் காத்திருப்பார்கள். எனக்குப் படையின் மீதோ வங்கியின் மீதோ பகை இல்லை. ஒப்பந்தப்படிதான் வங்கி சம்பாதிக்கிறது. அந்தக் கடன் என் தேவைக்காக வாங்கப்பட்டதல்ல, அரசின் வேலைக்காக வாங்கப்பட்டது என்பதை மட்டும் அவர்கள் கவனிக்கட்டும்.

உங்கள் வீட்டு வீரருக்குப் பயன்படக்கூடிய ஒன்று உண்டு: முறையான வவுச்சரைத் தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் அரசு பணம் தராவிட்டால், தாமதத்துக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும் என்று அதே 1998ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நானும் கேட்டுப் பார்த்தேன். முதல் வவுச்சர் 'முறையானது' அல்ல என்பதால், திருத்தி அனுப்பிய நாளிலிருந்துதான் 30 நாட்கள் தொடங்கும் என்று பதில் வந்தது. ஆகவே ரசீதில் வரி தனியாக இருக்கிறதா என்று விடுதி வரவேற்பு மேசையிலேயே பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.