கெக் அப்புறம் வாங்கலாம், தம்பி

ஊர் மாறி வந்து நாலு மாதம்தான் ஆகிறது, வாடகை வீடு, வீட்டிலேயே பியர் காய்ச்சிப் பார்க்க ஆசை. சில்லர் (காய்ச்சிய மால்ட் சாறை ஆற வைப்பது; மால்ட் என்பது முளைகட்டிய தானியம்), பழைய ஃப்ரிட்ஜ் (சாறு நொதிக்கும் வாளியை வைக்க), கெக் (பியரை அடைக்கும் உலோகப் பீப்பாய்) மூன்றில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, எதை முதலில் வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். ஃப்ரிட்ஜை வாங்குங்கள். நான் வாங்கிய வரிசை கெக், சில்லர், ஃப்ரிட்ஜ். அப்படியே தலைகீழ்.

வந்த முதல் குளிர்காலத்தில், ஈஸ்ட்டுக்குக் குளிரக் கூடாதே என்று வாளியை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். நொதிக்கும்போது ஈஸ்ட்டே சூடு கிளப்பும் என்பது தெரியாது. அறையைவிட வாளிக்குள் 3 முதல் 5 டிகிரி கூடுதலாக இருக்கும். ஏல் என்ற பியர் வகைக்கான பெரும்பாலான ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி போதும். என் வாளி 28ஐத் தொட்டது. மூன்று வாரம் கழித்துத் திறந்தால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை. பிடிவாதமாக ஒரு கிளாஸ் குடித்தேன், மறுநாள் மத்தியானம் வரை தலை தெறித்தது.

ஃப்ரிட்ஜோடு ஒரு வெப்பக் கன்ட்ரோலரும் வேண்டும். அதன் சென்சாரைக் காற்றில் தொங்கவிடாதீர்கள். சாறு நிற்கும் மட்டத்துக்குக் கீழே வாளியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டி, மேலே மடித்த துணியை வைத்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் அது காற்றை அளந்துகொண்டு ஃப்ரிட்ஜை ஓட்டி ஓட்டி நிறுத்தும். முதல் மூன்று நாள்தான் உயிர்நாடி. பிறகு இரண்டு டிகிரி ஏறினால் நல்லதே. ஃப்ரிட்ஜுக்கு இடமில்லையா? வாளியை ஒரு டப் தண்ணீரில் நிறுத்தி, ஈரமான பழைய டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, உறைந்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும்.

சில்லர் இப்போதைக்கு வேண்டாம். 10 லிட்டருக்குள் காய்ச்சினால் பானையை மூடி, ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் இறக்கிவிடலாம். ஆறிய சாறில் கிருமி சுலபமாகக் குடியேறும்; அதனால் ஈஸ்ட் போடும் பதத்துக்குச் சீக்கிரம் இறக்க வேண்டும், அதன் பிறகு தொடுகிற கரண்டியைக்கூட சானிடைசரில் முக்கி எடுக்க வேண்டும். பின்னால் சில்லராகச் செம்புக் காயில் (உள்ளே குழாய்த் தண்ணீர் ஓட, சாறில் இறக்கும் சுருள் குழாய்) வாங்கினால், முதலில் சமையலறைக் குழாயில் ஹோஸ் அடாப்டர் ஏறுமா என்று பாருங்கள். வாடகை வீட்டுக் குழாய்கள் பலவற்றில் ஏறாது. இன்னொன்று, காயிலைப் போட்டுவிட்டு டிவி பார்க்கப் போகாதீர்கள். சுற்றியுள்ள சாறு மட்டும் ஆறிப்போய், வெளியேறும் தண்ணீர் சில்லென்று வரும். காயிலை லேசாக ஆட்டுங்கள், அதே தண்ணீர் சட்டென்று கை சுடும் அளவுக்கு மாறும். அந்தச் சூடெல்லாம் சாறிலிருந்து வருவது.

கெக் கடைசி. 19 லிட்டர் கெக், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய் என்று செலவு நீளும். 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ அழுத்தம் வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் பியரில் காஸ் ஏறிவிடும். பியர் வெளியே வரும் 5 மில்லிமீட்டர் குழாய் மூன்று மீட்டராவது வேண்டும். நான் சிக்கனம் பார்த்து ஒரு மீட்டர் போட்டேன், கிளாஸ் முழுக்க நுரைதான். சிலிண்டரைக் காற்றோட்டமில்லாத சின்ன அறையில் வைக்காதீர்கள், கசிந்தால் ஆபத்து.

அதுவரை பாட்டில். காஸ் ஏற லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை, அறைச் சூட்டில் இரண்டு வாரம். ஹைட்ரோமீட்டர் (அடர்த்தியை அளக்கும் கருவி) மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவைக் காட்டாமல் அடைக்காதீர்கள். நான் அவசரப்பட்டு அடைத்ததில் அலமாரிக்குள் மூன்று பாட்டில் வெடித்தது. கம்பளத்தில் படிந்த கறைக்கு அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டில் காய்ச்ச அங்கே எவ்வளவு அனுமதி என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கூடத் தங்கியிருப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள், காய்ச்சும் நாளில் மால்ட் வாசனை வீடு முழுக்க அடிக்கும். உங்கள் பானை எத்தனை லிட்டர் என்று எழுதுங்கள், முதல் தடவைக்கு எவ்வளவு மால்ட் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.