உளுந்து அரைக்கும்போது நின்றுபோன மிக்சி

சகோதரி, உளுந்து அரைக்கும்போது உறுமிவிட்டு நின்றுபோனதாக நீங்கள் எழுதியிருந்த அந்த 750 வாட் மிக்சியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிவப்புப் பொத்தான் துருத்திக்கொண்டிருக்கும். பளு கூடினால் மோட்டார் கருகாமல் இருக்க மின்சாரத்தைத் துண்டிப்பது அதுதான். நன்றாக ஆறவிட்டு அழுத்துங்கள். பிறகு, ஜாரின் அடியிலுள்ள கப்ளரை, அதாவது ஜாரை மோட்டாரோடு இணைக்கும் துண்டை, கையால் சுற்றுங்கள். சுற்ற மறுத்தால் குற்றவாளி மோட்டார் அல்ல, ஜாரின் புஷ், அதாவது பிளேடின் தண்டு சுழலும் வளையம். எங்கள் வீட்டு ஜாரில் கசிந்த மாவு அங்கே காய்ந்து சிமெண்டாக இறுகியிருந்தது.

புது மிக்சி வாங்குவதென்றால் எந்தக் கம்பெனி நம்பகமானது என்றும் கேட்டிருந்தீர்கள். விளம்பரத்தை விடுங்கள். டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் விலை கேட்கும் முன், கப்ளரும் புஷ்ஷும் மதுரையிலேயே கிடைக்குமா என்று கேளுங்கள். பழுது பார்க்க மிக்சியை வெளியூருக்கு அனுப்ப வேண்டும் என்றால் அந்தக் கம்பெனி வேண்டவே வேண்டாம். அப்படி அனுப்பி, எனக்கு ஒரு தீபாவளி அம்மிக்கல்லோடு போயிற்று.