அரை சதவீத விற்பனை வரி: ஃப்ரீமாண்ட் குடும்பத்துக்கு எவ்வளவு கூடும்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம், நான்கு பேர். நவம்பர் 2026 தேர்தலில் பார்ட் (சான் ஃபிரான்சிஸ்கோ வட்டார ரயில்) சேவைக்கும் பஸ்ஸுக்கும் என்று விற்பனை வரியை அரை சதவீதம் கூட்டக் கேட்கிறார்கள். எங்களுக்கு வருஷத்துக்கு எவ்வளவு கூடும்? 40,000 டாலரில் கார் வாங்கும் யோசனை இருக்கிறது. வரி கூடுவதற்குள் வாங்கிவிடலாமா? எனக்குக் குடியுரிமை உண்டு, மனைவி கிரீன் கார்டில் இருக்கிறார். எங்கள் கருத்தை எங்கே சொல்வது?

பதில்: காருக்காக அவசரப்படாதீர்கள். அரை சதவீதம் என்றால் 40,000 டாலருக்கு 200 டாலர். 6% வட்டியில் முழுத் தொகைக்கும் கடன் எடுத்தால் முதல் மாத வட்டியே 200 டாலர் வந்துவிடும். வாக்கெடுப்பில் ஜெயித்தாலும் 2027 ஏப்ரல் 1க்கு முன் இந்த வரி அமலுக்கு வராது. பக்கத்து கவுண்டியில் (மாவட்டத்தில்) போய் வாங்கியும் பயனில்லை. காருக்கு உள்ளூர் வரி, அதைப் பதிவு செய்யும் முகவரியை வைத்துத்தான். பழைய காரைக் கொடுத்து மாற்றினாலும் கலிஃபோர்னியாவில் அதன் மதிப்பைக் கழிக்காமல் முழு விலைக்கே வரி போடுவார்கள். பலர் கணக்குத் தப்புவது இங்கேதான்.

அன்றாடச் செலவுக்கு வருவோம். மாதச் செலவு முழுவதற்கும் அரை சதவீதம் போட்டால் பயமுறுத்தும் ஒரு தொகை வரும், அது தப்பு. வாடகை, இன்சூரன்ஸ், பள்ளிக் கட்டணம், டாக்டர் எழுதித் தரும் மருந்து எதற்கும் விற்பனை வரி கிடையாது. இந்தியக் கடை ரசீதையே எடுத்துப் பாருங்கள்: அரிசி, பருப்பு, நெய், காய்கறிக்கு வரி இல்லை, ஊதுபத்தி, சோப்பு, குக்கர், சோடா பாட்டிலுக்கு உண்டு. அதே கடையில் வாங்கும் சூடான சமோசாவுக்கும் உண்டு.

ஃப்ரீமாண்டில் இப்போது 10.25%, இது 10.75% ஆகும். ரசீதில் உள்ள வரித் தொகையை 20.5ஆல் வகுத்தால் கூடப்போவது கிடைத்துவிடும். வரி 8 டாலர் 20 சென்ட் என்றால் கூடுவது 40 சென்ட். மூன்று மாத ரசீதுகளை, ஆன்லைனில் வாங்கியதையும் சேர்த்து, இப்படிக் கூட்டுங்கள். பெட்ரோலைத் தனியாகச் சேர்க்க வேண்டும்: அதற்கு மாநில விகிதம் குறைவு என்றாலும் உள்ளூர் வரி உண்டு, விலைக்குள்ளேயே அடங்கியிருப்பதால் கண்ணில் படாது. கடை, ஓட்டல், ஆன்லைன் எல்லாம் 1,500 டாலர், பெட்ரோல் 300 டாலர் என்று வைத்தால் மாதம் 9 டாலர், வருஷத்துக்கு 108.

இந்தத் தொகைக்கு என்ன கிடைக்கிறது என்பதே உண்மையான கேள்வி. இந்த வாக்கெடுப்புக்கு வழிவிட்ட எஸ்.பி. 63 என்ற மாநிலச் சட்டப்படி அலமீடா (ஃப்ரீமாண்ட் இதில்தான்), கான்ட்ரா கோஸ்டா, சான் மட்டேயோ, சான்டா கிளாரா கவுண்டிகளில் அரை சதவீதம், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு சதவீதம். காலம் 14 ஆண்டு. கோவிடுக்குப் பிறகு டிக்கெட் வருமானம் சரிந்ததால் பார்ட்டுக்கு மட்டும் வருஷத்துக்கு 35 கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறை. வீட்டில் ஒருவர் பார்ட்டில் வேலைக்குப் போகிறார் என்றால், ரயில்கள் குறைந்து இன்னொரு கார் வாங்க நேரும் செலவோடு ஒப்பிட 108 டாலர் பெரிதல்ல, ஆதரிப்பேன். வீட்டில் யாருமே ஏறுவதில்லை என்றாலும், ரயில் குறைந்தால் சாலையில் கூடும் நெரிசலைக் கணக்கில் எடுங்கள். ஒன்றை மறைக்கக் கூடாது: விற்பனை வரி குறைந்த வருமானக்காரரின் சம்பளத்தில் கூடுதல் பங்கைத் தின்னும். அந்த எதிர்ப்பு நியாயமானது.

வாக்காளர் கையேட்டில் விளம்பர வாசகத்தைத் தாண்டி, பாரபட்சமற்ற ஆய்வு என்ற பகுதியைப் படியுங்கள். பணம் எதற்கு ஒதுக்கப்படுகிறது, தணிக்கை யார் கையில் என்று பாருங்கள். கையெழுத்து மனு மூலம் வந்த தீர்மானமானால் பாதிக்கு மேல் வாக்கு போதும்; அரசு அமைப்பே கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அதனால் உங்கள் ஒரு ஓட்டின் கனமும் மாறும்.

உங்கள் மனைவி ஓட்டுப் போட முடியாது, வாக்காளராகப் பதியவும் கூடாது. டி.எம்.வி.யில் (மோட்டார் வாகனத் துறையில்) லைசென்ஸ் புதுப்பிக்கும்போது குடியுரிமை பற்றிய கேள்வியை நின்று படித்துப் பதில் தரச் சொல்லுங்கள். கவனக்குறைவாகக் குடிமகள் என்று குறித்தால் கிரீன் கார்டுக்கே ஆபத்து. ஆனால் பேச அவருக்கு முழு உரிமை உண்டு. பார்ட் வாரியம், நகர சபை இரண்டிலும் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும் என்பது பிரவுன் சட்டம் எனப்படும் கலிஃபோர்னியாவின் திறந்த கூட்டச் சட்டம். குடியுரிமை கேட்க மாட்டார்கள். வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் 72 மணி நேரத்துக்கு முன் வந்துவிடும். ஓரிரு நிமிடம்தான் கிடைக்கும். எந்த நிலையம், எத்தனை மணி ரயில், எத்தனை டாலர் என்று உங்கள் ரசீதுக் கணக்கோடு பேசுங்கள். அதையே எழுதியும் கொடுத்துவிடுங்கள்.