கத்திக்கு அஞ்சாதவன் குழந்தையிடம் ஏன் இளகுகிறான்?

கேள்வி: காசிமேட்டுப் பின்னணியில் நாவல் எழுதுகிறேன். நாயகன் முன்னாள் குத்துச்சண்டைக்காரன், அப்புறம் அடியாளாகி ஜெயிலுக்கும் போய் வந்தவன். தெருப் பிள்ளைகளுக்கு ஒன்றென்றால் உயிரைக் கொடுப்பான். படித்த நண்பர்கள் 'சும்மா சென்டிமென்ட்' என்கிறார்கள். எப்படி நம்பவைப்பது?
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: 'கல்லுக்குள் ஈரம்' என்று ஒரே வரியில் முடித்திருப்பீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. என்னைக் கேட்டால், அவனுடைய முரட்டுத்தனமும் பாசமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

வன்முறையில் பல வருஷம் உழன்றவன் டீக்கடையில்கூட சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்காருவான். யார் உள்ளே வருகிறார்கள், எவன் கை லுங்கி மடிப்புக்குப் போகிறது என்று கண் அலைந்துகொண்டே இருக்கும். உளவியலில் இதை மிகைவிழிப்பு என்போம். வீட்டில் அதனால் தொல்லைதான்: தூக்கம் கிடையாது, கதவு தட்டினால் பாய்ந்து எழுவான். ஆனால் கன்டெய்னர் லாரி போகும் ரோட்டோரம் பிள்ளைகள் பந்து விளையாடும்போது அதே கண்தான் முதலில் ஆபத்தைப் பார்க்கும். அவன் உடம்பு கற்றுவைத்த வித்தைக்கு வெட்கப்பட வேண்டாத வேலை ஒன்று கிடைக்கிறது.

இன்னொன்று, பெரியவர்கள் அவன் பெயரைக் கேட்டால் ஒதுங்குவார்கள், இல்லை காரியத்துக்கு வருவார்கள். நாலு வயசுப் பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரியாது. செருப்பு வாரை மாட்டிவிடச் சொல்லிக் காலை நீட்டும். பெரிய தலை, பெரிய கண், உப்பிய கன்னம் இவையே பெரியவர்களிடம் பராமரிக்கும் உணர்வைத் தூண்டும் என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1943-இல் எழுதினார். ரவுடிக்கு மட்டும் அது விலக்கா என்ன?

'சின்ன வயசில் அடி வாங்கினான், அதனால் காப்பாற்றுகிறான்' என்பது மட்டும் போதாது. அடி வாங்கிய எத்தனையோ பேர் அதை அடுத்தவன் மேல் இறக்குகிறார்கள். துன்பப்பட்டவர் பிறருக்கு உதவத் திரும்புவதை ஆராய்ந்த உளவியலாளர் எர்வின் ஸ்டவுப், கஷ்டகாலத்தில் யாரோ ஒருவர் கைகொடுத்திருப்பதை முக்கியமாகச் சொல்கிறார். உங்களுக்கு அந்த ஆள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறார். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று 'பரம்பரை' எனப்படும் அணிகளாகப் பிரிந்து குத்துச்சண்டை நடந்த வடசென்னை இது. பயிற்சி முடிந்ததும் தன் பங்கு முட்டையைப் பாதி பிட்டுக் கொடுத்த வாத்தியார் ஒருவரைக் கொண்டுவாருங்கள்.

புறநானூறு 46-ஐயும் ஒருமுறை படியுங்கள். பகைவன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடத் துணிந்த சோழன் கிள்ளிவளவனைப் புலவர் கோவூர் கிழார் தடுக்கிறார். புறாவுக்காகத் துன்பம் ஏற்ற குலம் உன்னுடையது என்று நினைவூட்டிவிட்டு, யானையைக் கண்டு அழுகையை மறந்து, கூடியிருப்பவர்களைப் பார்த்து மிரளும் பிள்ளைகளைக் காட்டுகிறார். அப்புறம், கேட்டுவிட்டாய், உன் இஷ்டப்படி செய் என்று விட்டுவிடுகிறார். 'இரக்கப்படு' என்ற சொல்லே அதில் இல்லை.

அவனைத் தெய்வமாக்கிவிடாதீர்கள். பையனை அடித்த டீச்சரின் சட்டையைப் பிடிப்பான். மறுநாள் அந்தப் பையனோடு யாரும் பேச மாட்டார்கள். அந்தச் சேதாரமும் கதையில் வரட்டும். கூடவே, அதே பையன் ஒருநாள் அவன் கைத் தழும்பைத் தொட்டுப் பார்த்து, "எனக்கும் கத்தி புடிக்கக் கத்துக்குடுண்ணா" என்று வந்து நிற்கட்டும். அந்தக் காட்சியை முதலில் எழுதுங்கள். மற்ற அத்தியாயங்களை அதற்கப்புறம் திருத்தலாம்.