பழைய அமெரிக்க மரச்சாமான் வேட்டை: முதலில் இழுப்பறையை வெளியே எடுங்கள்

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். சனி, ஞாயிறுகளில் எஸ்டேட் சேல் (ஒரு வீட்டுச் சாமான் முழுவதையும் விற்பது), யார்டு சேல் (வீட்டு முற்றத்தில் பழைய பொருள் விற்பது) என்று சுற்றுவது பழக்கமாகிவிட்டது. மதிப்புள்ள பழைய மேசை, நாற்காலி நிஜமாகவே நம் கையில் சிக்குமா? அல்லது வியாபாரிகள் முன்பே அள்ளிக்கொண்டு போய்விடுவார்களா?

சிக்கும், ஆனால் அடிக்கடி அல்ல. உங்கள் மாநிலத்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் யார்டு சேலில் 25 டாலருக்கு வாங்கிய அரைவட்டச் சீட்டாட்ட மேசை, பாஸ்டனில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேலை செய்த ஜான் சீமோர் அண்ட் சன் பட்டறையில் உருவானது. அடியில் ஒட்டியிருந்த காகிதச் சீட்டே அதைச் சொன்னது. 1998 ஜனவரியில் சாத்பீஸ் ஏலத்தில் அது 5,41,500 டாலருக்குப் போனது. முப்பது ஆண்டுகள் அந்தச் சீட்டு அங்கேயேதான் இருந்தது; குனிந்து பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த அளவு அதிர்ஷ்டத்தை எதிர்பார்த்துக் கிளம்பாதீர்கள். ஆனால் வாங்குபவருக்கு இது நல்ல காலம். 2000க்குப் பிறகு, பழுப்பு நிற மரச்சாமான் என்று அங்கே பொதுவாகச் சொல்லப்படும் வால்நட், மஹோகனி, செர்ரி சாமான்களின் விலை வெகுவாக இறங்கிவிட்டது. உச்சியில் உள்ளவை வேறு உலகம்: ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் வணிகர் நிக்கோலஸ் பிரவுனுக்குச் செய்த எழுத்துமேசை 1989இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 1 கோடியே 21 லட்சம் டாலருக்கு விற்றது. ஆனால் 1820, 1830களின் எளிய இழுப்பறைப் பெட்டி ஒன்றைச் சில நூறு டாலருக்கு இன்று வாங்க முடிகிறது. அதே விலைக்குக் கடையில் கிடைக்கும் மரத்தூள் பலகை சாமானோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எஸ்டேட் சேலில் முதல் நாள் காலை வரிசை எண் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். கடைசி நாளில் பெரும்பாலும் பாதி விலை. கனமான சாமான்கள் அதுவரை தங்கிவிடுவது உண்டு. நடத்துபவர்கள் முன்கூட்டியே போடும் படங்களில் அவர்கள் விளம்பரப்படுத்தும் பொருளை விட்டுவிட்டு, பின்னணியில் பூந்தொட்டியும் துணிமூட்டையும் சுமந்து நிற்பதைப் பாருங்கள். அடையாளம் தெரியாமல் போனவை அங்கேதான் நிற்கும். ஒரே இடத்தில் நிறையப் பார்த்துக் கண் பழக வேண்டுமென்றால் மாசசூசெட்ஸின் பிரிம்ஃபீல்டு சந்தைக்குப் போங்கள். 1959 முதல் நடக்கிறது. இப்போது மே, ஜூலை, செப்டம்பர் என ஆண்டுக்கு மூன்று முறை, செவ்வாய் முதல் ஞாயிறு வரை.

கையில் இருக்க வேண்டியவை: பிரகாசமான டார்ச், அளவு நாடா, பூதக்கண்ணாடி, சிறு காந்தம், கைக்கண்ணாடி, இரண்டு கம்பளி, கயிறு. காரின் பின்கதவுத் திறப்பின் அகல உயரத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு நுழையவில்லை என்று தெரிந்தால் வேன் வாடகையே சாமான் விலையைத் தாண்டிவிடும்.

கேள்வி: "1780, நியூ இங்கிலாந்து" (அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள்) என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. உண்மையா என்று எப்படிச் சோதிப்பது? முன்பக்கம் பார்த்தால் எல்லாமே பழசாகத்தான் தெரிகிறது.

முன்பக்கத்தைப் பார்ப்பதை நிறுத்துங்கள். முன்பக்கம் வாங்குபவருக்காகச் செய்தது. பின்பலகை, அடிப்பக்கம், இழுப்பறையின் உட்புறம் ஆகியவற்றைத் தச்சர் யாருக்காகவும் அலங்கரிக்கவில்லை. கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஓர் இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்து, வெளிச்சத்தில் தலைகீழாகத் திருப்புங்கள்.

முதலில் மூலை மூட்டு. கையால் வெட்டிய டவ்டெயில் பற்கள் (புறா வால்போல் விரிந்து ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்பவை) ஒன்றுபோல் இருக்காது. சில அகலம், சில ஒடுக்கம், பக்கத்தில் தச்சர் கீறிய குறிக்கோடு தெரியும். அரைவட்டமும் நடுவில் வட்ட முளையுமாக இருந்தால் அது நாப் மூட்டு, இயந்திர வேலை, சுமார் 1870 முதல் 1900 வரை. எல்லாப் பற்களும் அச்சில் வார்த்ததுபோல் சமமாக, நெருக்கமாக இருந்தால் 1890க்குப் பிந்தியது.

அடுத்தது ரம்பத் தடம். இழைப்புளி படாத பின்பலகையில் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேர்க்கோடுகள் என்றால் மேலும் கீழும் ஓடிய ரம்பம். வில்போல் வளைந்த கோடுகள் என்றால் வட்ட ரம்பம். பொதுவாக 1830க்குப் பிறகு. 1780 என்று சீட்டு ஒட்டிய பெட்டியில் வளைகோடு தெரிந்தால் பின்பலகை மாற்றப்பட்டது, அல்லது முழுப் பெட்டியுமே பிந்தியது. நேர்க்கோடு மட்டும் பழமைக்குச் சான்றாகிவிடாது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த பட்டை ரம்பமும் நேர்க்கோடுதான் போடும்.

ஆணியில், தலை கொல்லன் அடித்ததுபோல் பல முகமாக இருந்தால் 1790களுக்கு முன். சதுர வெட்டாணி 19ஆம் நூற்றாண்டு முழுவதும். உருண்டைக் கம்பி ஆணி 1890 வாக்கில்தான் பரவியது. திருகாணியைக் கழற்ற அனுமதித்தால் முனையைப் பாருங்கள். கூர்முனைத் திருகாணி 1840களின் இறுதியில் வந்தது. அதற்கு முந்தியவை மொட்டையாக, தலைப் பிளவு சற்று ஓரம் தள்ளி இருக்கும். ஒரே ஒரு கம்பி ஆணியை வைத்துச் சாமானைத் தள்ளிவிட வேண்டாம், இருநூறு ஆண்டில் யாரோ பழுது பார்த்திருப்பார்கள். எல்லாச் சான்றும் ஒரே திசையில் போகிறதா என்பதே கேள்வி.

உள்மரம் எந்த ஊர் என்பதைக் காட்டிக்கொடுக்கும். பாஸ்டன் தச்சர்கள் உட்பலகைக்கு வெள்ளை பைன் போட்டார்கள். பிலடெல்பியாவில் டூலிப் பாப்லரும், இழுப்பறை அடிக்கு வெள்ளை சீடரும். நியூபோர்ட்டில் செஸ்ட்நட், பாப்லர். சார்ல்ஸ்டனில் சைப்ரஸ். "பாஸ்டன்" என்று விற்கும் பெட்டிக்குள் சைப்ரஸ் இருந்தால் விளக்கம் கேளுங்கள்.

மரம் நாருக்குக் குறுக்கே சுருங்கும், நெடுக்கே சுருங்காது. அதனால் உண்மையான பழைய வட்ட மேசை இப்போது வட்டமாக இருக்காது: இரு திசையிலும் அளந்தால் கால் அங்குலமோ அதற்கு மேலோ வித்தியாசம் வரும். மிகச் சரியான வட்டம் என்றால் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக நிறம். பூச்சு இல்லாத மரம் காற்றுபட்டுத் தானாகக் கருக்கும். எப்போதும் மூடிக்கிடந்த பகுதி வெளிறியே இருக்கும். உட்புறம் முழுக்க ஒரே சீராக சாயம் பூசியிருந்தால், யாரோ எதையோ மறைக்கிறார்கள்.

திறமையான கைகள் இதையெல்லாம் ஏமாற்றும் என்பதும் உண்மை. ரோட் ஐலண்டுச் சிற்பி ஆர்மண்ட் லாமான்டேன் 1969இல் செய்து பழசாக்கிய நாற்காலியை 17ஆம் நூற்றாண்டு ப்ரூஸ்டர் நாற்காலி (கடைந்த கட்டைகளால் ஆன கனமான கைநாற்காலி) என்று நம்பி ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 9,000 டாலருக்கு வாங்கியது. வல்லுநர்களை ஏமாற்றிக் காட்டவே அதைச் செய்ததாக அவர் சொன்னார். எக்ஸ்ரேயில் தெரிந்த துளைகள் நவீன துளைக்கருவியால் போட்டவை.

கேள்வி: உயரமான இரட்டை அடுக்குப் பெட்டி, மேலே இழுப்பறைகள், கீழே வளைந்த கால்கள். விலை நியாயமாகத் தெரிகிறது. கவனிக்க என்ன இருக்கிறது?

ஹைபாய். இதில் ஏமாறுவது மிக எளிது, ஏனென்றால் இரண்டு பகுதியும் பழசாகவே இருக்கலாம், ஆனால் வேறு வேறு வீட்டைச் சேர்ந்தவை. இதை வியாபாரிகள் "மேரேஜ்" என்பார்கள்; அசல் ஜோடியின் விலையில் பாதிகூடத் தேறாது. மேல் இழுப்பறை ஒன்றையும் கீழ் இழுப்பறை ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பற்களின் எண்ணிக்கையையும் சாய்வையும் ஒப்பிடுங்கள். ஒரே கை வேலை தெரிய வேண்டும். இரு பின்பலகையும் ஒரே மரமா, ஒரே தடமா பாருங்கள். பிறகு மேல்பகுதியைத் தூக்கச் சொல்லுங்கள். கீழ்ப்பெட்டியின் மேற்பலகை யாரும் பார்க்காத இடம், ஆகவே கரடுமுரடாக இருக்க வேண்டும். அங்கே வழவழப்பும் வார்னிஷும் இருந்தால் அது ஒரு காலத்தில் தனி மேசையாக நின்றிருக்கிறது.

கைப்பிடிகளையும் விட்டுவிடாதீர்கள். வெளியே தெரியாத அடைத்த துளைகள் உள்பக்கம் தெரியும். கைப்பிடி மாறியிருப்பது பெரிய குற்றமல்ல, விலையில் கழித்துக்கொள்ளலாம். காந்தம் ஒட்டினால் அது பித்தளையே அல்ல.

இன்னொரு பொறி: 1876 பிலடெல்பியா கண்காட்சியை ஒட்டிப் பழைய பாணிகள் மீண்டும் மோகமாயின, 18ஆம் நூற்றாண்டுப் பாணியான சிப்பன்டேல் நாற்காலிகளை நூற்றாண்டு கழித்து நல்ல மஹோகனியில் அப்படியே செய்தார்கள். அவையும் இப்போது பழசுதான், நன்றாகவும் இருக்கும். 1770இன் விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஸ்டிக்லி முத்திரை உள்ள ஓக் மேசை ஒன்று பார்த்தேன். முத்திரை இருந்தால் போதுமா?

போதாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எளிய ஓக் சாமான்களுக்குப் பேர்போன கஸ்டாவ் ஸ்டிக்லியின் முத்திரை ஒரு கவராயமும் அதற்குள் "ஆல்ஸ் இக் கான்" (என்னால் முடிந்தவரை) என்ற வாசகமும். அவருடைய சகோதரர்கள் வேறு நிறுவனம் நடத்தினார்கள், அந்த எல். அண்ட் ஜே.ஜி. ஸ்டிக்லி 1989இல் மிஷன் எனப்படும் அந்தப் பழைய எளிய வடிவங்களை மறுபடி தயாரிக்கத் தொடங்கி, இன்றும் செய்கிறது. தரமான சாமான், ஆனால் புதுசு. அந்தக் காலத்து ஓக் அமோனியா ஆவியில் கருக்கப்பட்டது. நிறம் மரத்துக்குள் இறங்கியிருக்கும். அடியில் உள்ள பழைய கீறலில் பாருங்கள்: மேற்பூச்சு மட்டும் என்றால் கீறலுக்குள் வெளிர் மரம் பளிச்சென்று தெரியும்.

இதே வரிசையில் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் வேலை செய்த மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமாவையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1930களின் இறுதியில் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா கட்டடத்தைக் கட்டுவதை நேரில் நின்று கவனித்தவர் அவர். அவருடைய மேசைகளின் அடியில் ஆர்டர் கொடுத்தவரின் பெயர் பெரும்பாலும் மையால் எழுதியிருக்கும். அதைப் "பழைய கிறுக்கல்" என்று துடைத்துவிட்டால் ஒரு முக்கியமான ஆதாரமே போய்விடும்.

கேள்வி: வாங்கியதைத் தேய்த்துப் புதிதாக பாலிஷ் போடலாமா?

வேண்டாம். பழைய மேற்பூச்சு போனால் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். மென்துணியால் துடைத்து, கொஞ்சம் மெழுகு போதும். வண்ணம் பூசிய விண்ட்சர் நாற்காலியின் (மெல்லிய கம்புகளால் ஆன முதுகுள்ள மர நாற்காலி) வண்ணத்தைச் சுரண்டவே கூடாது. 1978க்கு முந்தைய வண்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு என்பதால் குழந்தைகள் புழங்கும் அறைக்கும் அது ஆகாது.

கேள்வி: ஏலத்தில் ஆயிரம் டாலர் வரை கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

மொத்தச் செலவே ஆயிரம்தான் என்றால் 750இல் நிறுத்துங்கள். வாங்குபவர் கட்டணம் என்று 20 முதல் 28 சதவீதம் வரை சேர்ப்பார்கள். 25 சதவீதம் என்று வைத்தால் 750 டாலர் 937.50 ஆகும், அதன்மேல் நியூஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம் சேர்ந்தால் 1,000த்தைத் தொட்டுவிடும். ஏற்றி இறக்கும் கூலி தனி. "உள்ளது உள்ளபடி" என்ற நிபந்தனையில் விற்பதால் வாங்கிய பிறகு பழுதைக் காட்டிக் கேட்க முடியாது. ஆகவே ஏலத்துக்கு முன் பார்வை நாளில் போய் இழுப்பறையை வெளியே எடுத்துப் பாருங்கள். போக முடியாவிட்டால் நிலை அறிக்கையும் அடிப்பக்கம், பின்பக்கம், இழுப்பறை மூட்டு ஆகியவற்றின் படங்களும் மின்னஞ்சலில் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் அந்தப் பொருளுக்குக் கை தூக்க வேண்டாம்.