பழைய டிப்பருக்கு 6பிடிஏ இன்ஜின் வாங்கலாமா?

கேள்வி: எங்களிடம் ஒரு பழைய டாடா டிப்பர் இருக்கிறது. கம்மின்ஸ் 6பிடி இன்ஜின். கனெக்டிங் ராடு முறிந்து பிளாக் உடைந்துவிட்டது. புரோக்கர் ஒருவர், “6பிடிஏ ஒன்று கைவசம் இருக்கிறது. அதே பிளாக்தான், அப்படியே உட்காரும், பவரும் கூடும்” என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்ஜினில் இருக்கும் நேம் பிளேட்டை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை மீதிப் பணத்தைத் தராதீர்கள்.

புரோக்கர் சொன்னதில் பாதி உண்மை. 6 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, பி என்பது இன்ஜின் குடும்பத்தின் பெயர், டி என்றால் டர்போ. டர்போ காற்றை அழுத்தும்போது அது சூடாகிவிடும். அந்தக் காற்றைக் குளிரவைத்து உள்ளே அனுப்பும் ஏற்பாடு இருந்தால் ஏ சேரும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் கூடுதல் டீசலை எரிக்க முடியும், பவரும் கூடும். எல்லாமே 5.9 லிட்டர்தான். போர் (சிலிண்டரின் விட்டம்) 102 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 120 மி.மீ. வெளியே இருந்து பார்த்தால் ஒரே பிளாக் போலத்தான் தெரியும். புரோக்கர்களின் பிழைப்பு நடப்பதே இதை வைத்துத்தான்.

அவர் சொல்லாமல் விட்டது இது. ஒற்றை ஏ இருந்தால் காற்றைக் குளிரவைப்பது இன்ஜினில் ஓடும் தண்ணீர். ஜெனரேட்டரிலும் படகிலும்தான் இதை அதிகம் பார்க்கலாம். லாரிக்கு வருவது இரட்டை ஏ, அதாவது 6பிடிஏஏ. அதில் ரேடியேட்டருக்கு முன்னால் இன்டர்கூலர் நிற்கும், வண்டி ஓடும்போது அடிக்கும் காற்றே அதைக் குளிரவைக்கும். ஆகவே ‘6பிடிஏ இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் எனக்கு முதலில் வரும் சந்தேகம், அது ஏதோ ஒரு கம்பெனியின் ஜெனரேட்டர் ஷெட்டிலிருந்து இறக்கியது என்பதுதான்.

ஜெனரேட்டர் இன்ஜினில் என்ன குறை? இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. அது பிறந்த வேலை வேறு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது நாள் முழுக்க 1500 ஆர்பிஎம்மில் ஒரே சீராக ஓட வேண்டும். டீசல் பம்பும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் அதற்குத்தான் செட் செய்யப்பட்டிருக்கும். உங்கள் டிப்பரோ ஏற்றத்தில் கியர் மாற்றி மாற்றி 2500 வரை போக வேண்டும். ஜெனரேட்டர் பம்போடு வண்டியில் ஏற்றினால் இழுக்காது. அப்போது மெக்கானிக் பம்பு சீலை உடைத்து டீசலைக் கூட்டுவார். முதல் வாரம் பிரமாதமாக ஓடும். அப்புறம் கரும்புகை வரும், டர்போ போகும், கடைசியில் பிஸ்டன் உருகும். ஃப்ளைவீல் ஹவுசிங், ஆயில் சம்ப் எல்லாம் வண்டிக்குப் பொருந்துமா என்பது தனிக் கதை.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? இன்ஜினின் முன்பக்கம் இருக்கும் டைமிங் கியர் ஹவுசிங்கின் பக்கவாட்டில் ஒரு சின்னத் தகடு இருக்கும். கிரீஸும் புழுதியும் சேர்ந்து களிமண் மாதிரி அப்பியிருக்கும். துணியை டீசலில் நனைத்துத் துடையுங்கள். இன்ஜின் நம்பரோடு சிபிஎல் என்று ஒரு எண் தெரியும். அந்த இன்ஜினுக்கு எந்த பிஸ்டன், எந்த டர்போ, எந்த பம்பு, எந்த இன்ஜெக்டர் என்பதைத் தீர்மானிப்பது அந்த எண்தான். உங்கள் உடைந்த இன்ஜினின் சிபிஎல்லும் அதுவும் ஒன்றாக இருந்தால் தைரியமாகப் பேரம் பேசலாம். தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் மட்டும் புதிதாகப் பளபளத்தாலோ, தகடே இல்லை என்றாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அது திருட்டு இன்ஜினாகவும் இருக்கலாம். பழைய உரிமையாளர் விற்ற பில் இல்லாமல் எந்த இன்ஜினையும் தொடாதீர்கள்.

அடுத்தது ஆர்டிஓ. இன்ஜின் மாறினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி ஆர்சியில் அதைப் பதிய வேண்டும். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று புரோக்கர் சொல்வார். எஃப்சிக்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போதோ, விபத்துக்கு இன்ஷூரன்ஸ் கேட்கும்போதோ இன்ஜின் நம்பர் ஆர்சியோடு பொருந்தவில்லை என்றால் நிற்கப்போவது நீங்கள்தான்.

இன்ஜினை மாற்றும் முன் ஆர்டிஓ அனுமதி வாங்க வேண்டும் என்பதில் ஒரு விலக்கு உண்டு. அதைத் தப்பாகச் சொல்லி ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். பத்து போக்குவரத்து வண்டிகளுக்குக் குறையாமல் வைத்திருப்பவர் முன் அனுமதி இல்லாமலே இன்ஜினை மாற்ற மாநில அரசு அனுமதிக்கலாம். அதே கம்பெனி, அதே வகை இன்ஜினாக இருக்க வேண்டும். பத்து வண்டி என்பது அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். மச்சான் வண்டியையும் பங்காளி வண்டியையும் சேர்த்து எண்ண முடியாது. அனுமதி கேட்பதிலிருந்துதான் விலக்கு, மாற்றிய பிறகு 14 நாளுக்குள் தெரிவிப்பதிலிருந்து இல்லை. பத்து வண்டிக்காரருக்கு ஆபீஸ் வேலையைப் பார்க்க ஆளே தனியாக இருப்பார். ஒற்றை வண்டியை வைத்து வட்டி கட்டுகிறவர்தான் வாடகையை விட்டுவிட்டு அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. இந்தச் சலுகை யாருக்குத் தேவையோ அவருக்கு இல்லை. எனக்கு இது வருஷக்கணக்கான ஆதங்கம்.

உங்கள் பழைய பம்பும் டர்போவும் தப்பியிருந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதே சிபிஎல்லில் வெறும் பிளாக்கும் கிராங்கும் கிடைத்தாலே போதும், மற்றதை உங்கள் இன்ஜினிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். இன்றைக்கே புரோக்கரிடம் தகட்டின் போட்டோவை வாட்ஸப்பில் கேளுங்கள். நாளைக்கு அனுப்புகிறேன் என்று இரண்டு முறை சொன்னால் வேறு யார்டைப் பாருங்கள்.