பொறியா, களவெட்டியா?

கேள்வி: ஆபிரிக்காவையும் நம்மையும் சீனா கடன்பொறியில் மாட்டியது தெரிந்தும் அரசுகள் ஏன் மறுபடி பீஜிங்குக்கே ஓடுகின்றன?
(வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: பொறியா! வயல் வட்டையில் எலிக்குப் பொறி வைக்கிறவர் கருவாட்டை வாட்டி, மணம் எழும்பிய பிறகுதான் கம்பியில் குத்துவார். கம்பி தளர்ந்தால் எலி கருவாட்டோடு போய்விடும். இவ்வளவு பாடும் பொறிக்காரருடையது. சாத்தியவள அறிக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் எலியைக் கண்டதுண்டா? அம்பாந்தோட்டையில் அப்படித்தான் நடந்தது. துறைமுகம் கேட்டது கொழும்பு. 2007இல் சீன எக்சிம் (ஏற்றுமதி இறக்குமதி) வங்கியின் முதற்கட்டக் கடன் 30.7 கோடி டொலர், வட்டி 6.3 வீதம். 2017இல் துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டதில் வந்த 112 கோடி டொலர் அந்தக் கடனை அடைக்கவில்லை. நாட்டின் டொலர் கையிருப்பை நிரப்பப் போனது. கடன் திறைசேரியின் தலையில் அப்படியே இருந்தது. கழுத்தை அதிகம் நெரித்தவை சந்தையில் விற்ற பிணைமுறிகள். டில்லியின் அரசியல் ஆய்வாளர் பிரம்மா செல்லானி 2017இல் எழுதிப் பரப்பிய 'கடன்பொறி' என்ற சொல்லை நாம் இன்னும் மென்றுகொண்டிருக்கிறோம்.

சீனாவின் முறை போடியார் (வயற்சொந்தக்காரர்) முறை. விதைநெல், உழவு, பசளை எல்லாம் முற்பணம். சூடடித்ததும் களவெட்டியிலேயே, அதாவது சூடடித்த களத்திலேயே, போடியாரின் மூட்டைகள் பிரியும், மிச்சம்தான் வீட்டுக்கு. 2004இல் அங்கோலாவுக்கு 200 கோடி டொலர் இப்படித்தான். காசு அதன் தலைநகர் லுவாண்டாவின் கைக்கு வரவில்லை. வேலை செய்த சீன நிறுவனங்களுக்கு வங்கி நேரே கொடுத்தது. எண்ணெய் விற்ற பணம் ஒரு கணக்கில் விழும், தவணை கழியும். 2014இல் எண்ணெய் விலை சரிந்ததும் அதே தவணைக்குக் கூடுதல் பீப்பாய்கள். நெல் விலை விழுந்த வருடம் களவெட்டியில் நின்றவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏன் ஓடுகிறார்கள் என்றால், உலக வங்கி கேட்கும் கேள்விகளைப் போடியார் கேட்பதில்லை.

சீனா என்றதும் பேனா எடுக்கும் வாசகர்கள் நம் ஒலுவில் துறைமுகத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. (என் பழைய கோபம்.) டென்மார்க்கின் வட்டியில்லாக் கடன், 2013இல் திறப்புவிழா. தெற்கிலிருந்து வடக்கே மணல் நகரும் கரையில் கல்லணையை நீட்டினால் தெற்கே மணல் குவியும், வாய் அடைபடும், மணல் கிடைக்காத வடபுறத்தில் தென்னைகள் வேரோடு கடலுக்குள் போகும். தோண்டித் திறந்தாலும் மணல் ஓய்வதில்லை. வாய் மறுபடி மூடும், வள்ளம் உள்ளே வராது. வட்டி இல்லாத கடன்தான், ஐயா. அடுத்த கடிதத்தில் டென்மார்க்கைக் கேளுங்கள்.